மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த விடுதியின் தண்ணீர்த் தொட்டி

மாதக்கணக்கில் பூட்டிய கல்லூரி விடுதியைத் திறக்குமுன் குழாய்களைத் திறந்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற, நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா வளரும். ஷவர் சாரலோடு நுரையீரலுக்குள் போகும்.

முதலில் தொட்டியின் அடிச்சேற்றை வழித்தெடுங்கள். இல்லாவிட்டால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். 5,000 லிட்டருக்கு 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 830 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். பிரித்து வைத்த பழைய மூட்டை வேண்டவே வேண்டாம், வீரியம் போயிருக்கும். ஆர்ஓ குடிநீர்ச் சுத்திகரிப்பானுக்குப் போகும் இணைப்பை முன்னதாகவே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் குளோரினால் அதன் மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) பாழாகும். ஷவர் தலைகளைக் கழற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். அதுவரை யாரும் அந்த நீரைத் தொடக் கூடாது. காலையில் வடித்து, புது நீரால் அலசுங்கள். கடைக்கோடிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. காட்டிய பிறகே மாணவர்களை உள்ளே விடுங்கள்.