ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம்: நீருக்கடியில் படமெடுக்க எவ்வளவு செலவிடுவது?

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் முதல் நிலைப் பயிற்சியை முடித்து ஓராண்டு ஆகிறது. 18 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதி பெற்றிருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு பயணங்களில் ஆறு நாட்கள், மொத்தம் 20 டைவ் வரை அமைகின்றன. நீருக்கடியில் படமெடுக்க ஒரு சிறிய கேமரா வாங்க விரும்பி, இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவசரத் தேவைக்கு நான்கு மாதச் செலவுக்கான பணம் தனியே உள்ளது. கடைக்காரரோ, இன்னும் கொஞ்சம் தவணையில் போட்டு, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய மிரர்லெஸ் கேமராவாகவே வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது? பழைய பொருள் வாங்கலாமா? தவணை சரியா?

பதில்: உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை. தவணையில் வாங்காதீர்கள். கேமரா வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கும் பொருள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் வாங்கப்போகும் பொருளுக்கும் உப்புநீருக்கும் இடையே ஒரு ரப்பர் வளையம் மட்டுமே நிற்கும் என்பது. அந்த வளையத்தில் ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ சிக்கினால், நான்காவது மாதத்தில் கேமரா போய்விடும். தவணை மட்டும் மீதி மாதங்களுக்கு வந்துகொண்டிருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது உங்கள் விஷயத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது: தொலைந்தாலும் தாங்கக்கூடிய தொகை எதுவோ, அதுவே உங்கள் வரம்பு.

அந்த வரம்பை இரண்டு மாதச் சம்பளமாக நான் வைக்க மாட்டேன். நான்கு மாத அவசரக் கையிருப்பு மோசமில்லை என்றாலும் ஆறு மாதம் இருப்பது நல்லது. ஆகவே சேமித்ததில் பாதியை அங்கே சேர்த்துவிட்டு, ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் கேமராவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துப் பேசுவோம்.

நிலத்தில் படமெடுப்பவர் கேமராவைத் தேர்ந்தெடுத்த பிறகு உறையைத் தேடலாம். நீருக்கடியில் படமெடுப்பவர் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஹவுசிங் எனப்படும் நீர்புகா உறை, குறிப்பிட்ட ஒரு மாடலின் பொத்தான்கள் இருக்கும் இடத்துக்கு ஏற்ப வார்க்கப்படுவதால், கேமரா பழுதாகி அந்த மாடலும் சந்தையில் இல்லாமல் போனால், நல்ல நிலையில் உள்ள உறையும் வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகிவிடும். மிரர்லெஸ் கேமராக்களுக்கான உறைகள் பல நேரங்களில் கேமராவின் விலையைத் தொடும் அல்லது தாண்டும். லென்ஸ் மாற்றினால் உறையின் முன்புறக் கண்ணாடிக் கூடும் மாற வேண்டியிருக்கும். கடைக்காரர் கேமராவின் விலையைச் சொல்லியிருப்பார், இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

கையடக்கக் கேமராக்களில் உங்கள் கணக்குக்கு மிகவும் ஒத்துவருவது ஒலிம்பஸ் டஃப் வரிசை. 2019இல் வந்த டிஜி-6, 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 ஆகிய இரண்டும் உறை இல்லாமலேயே 15 மீட்டர் வரை தாங்கும். உறையுடன் 45 மீட்டர் வரை செல்லும். உங்கள் தகுதி 18 மீட்டர் என்பதால் உறை இல்லாமல் சமாளிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, வரம்பின் விளிம்பில் நின்று பேரம் பேசக் கடல் இடம்தராது. உறைக்குள் இருக்கும்போது தண்ணீர் கசிந்தாலும் கேமராவே நீர் தாங்கும் தன்மையுடையது என்பதுதான் இந்த வரிசையின் பெரிய பொருளாதார நன்மை; இரண்டு பூட்டுப் போட்ட கதவு போல. டிஜி-6க்கான உறை டிஜி-7க்கும் பொருந்துவதால், பின்னாளில் கேமராவை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும். ஒரு சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே குவியம் கிடைப்பதால், சிறு இறால்களையும் நத்தைகளையும் படமெடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. குறை என்னவென்றால், ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சென்சார் சிறியது. ஷட்டர் வேகத்தை முழுமையாக நம் விருப்பப்படி வைக்க முடியாது.

அந்தக் குறை பொறுக்காதவர்கள் சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7எக்ஸ் போன்ற ஓர் அங்குல சென்சார் கேமராக்களுக்குப் போகிறார்கள். பரப்பளவில் அந்த சென்சார் சுமார் நான்கு மடங்கு பெரியது, மங்கலான ஒளியிலும் படம் தூய்மையாக வரும். ஆனால் உறை கசிந்தால் உள்ளே இருப்பது சாதாரணக் கேமரா, முழு இழப்புதான். 20 டைவ் அனுபவத்தோடு அந்த இழப்பு அபாயத்தை ஏற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைபேசியை உறையில் போட்டு இறக்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வங்கிக் கணக்குக்கான கடவுச்சொல் வரும் கருவியைக் கடலில் இறக்குவது நிதி ஆலோசகன் எவனும் ஒப்புக்கொள்ளும் காரியமல்ல.

பணம் உண்மையில் பலன் தரும் இடம் வெளிச்சம். தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு மீட்டருக்குள்ளேயே சிவப்பு வெகுவாக மங்கி, அதற்குக் கீழே எந்த விலையுயர்ந்த கேமராவும் நீலச்சாம்பல் நிறப் படத்தையே தரும். கேமராவோடு ஒட்டியுள்ள ஃபிளாஷும் உதவாது. அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் இடையே மிதக்கும் துகள்களையெல்லாம் ஒளிரவைத்து, படத்தில் பனி பெய்ததுபோல் ஆக்கிவிடும். விளக்கைக் கையளவு விலக்கி, பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்தால்தான் நிறம் திரும்பும். ஸ்ட்ரோப் எனப்படும் தனி ஃபிளாஷ் சிறந்தது, ஆனால் விலை அதிகம். முதல் ஆண்டில் ஒரே ஒரு வீடியோ லைட்டுடன் தொடங்குங்கள். அருகில் எடுக்கும் படங்களுக்கு அது போதும், எந்தக் கோணத்தில் ஒளி விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே கற்கலாம், இரவு டைவிங்கில் அதுவே டார்ச்சாகவும் பயன்படும்.

ஆகவே 100 பங்கில், ஒருமுறை பயன்படுத்திய டிஜி-6 கேமராவும் உறையும் சேர்த்து 55 பங்கைத் தாண்டக் கூடாது. விளக்கு, அதைப் பொருத்தும் தட்டு, கைப்பிடி ஆகியவற்றுக்கு 20. கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, மாற்று ஓ-ரிங் (முன்பு சொன்ன ரப்பர் வளையம்), உறை தயாரித்தவர் குறிப்பிட்ட கிரீஸ், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஆகியவற்றுக்கு 5. மீதி 20 பங்கைத் தொடாமல் வங்கியிலேயே விடுங்கள். கேமரா மூழ்கினால் அடுத்ததை வாங்கும் பயணம் அந்தப் பணத்திலிருந்துதான் தொடங்கும்.

பழையது வாங்கலாமா என்றால், தாராளமாக. கேமராவையும் உறையையும் சேர்த்து விற்பவரிடம் வாங்குவது நல்லது. ஆர்வம் குறைந்து விற்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விற்கிறார்கள். பிரதான ஓ-ரிங்கை நீங்களே மாற்றிவிடலாம், ஆனால் ஒவ்வொரு பொத்தானின் தண்டிலும் சிறு வளையம் ஒன்று இருக்கிறது, அதை மாற்றப் பழுதுநீக்குபவரிடம்தான் போக வேண்டும். எனவே பொத்தான்கள் அழுத்திய பின் சட்டென மேலே வருகின்றனவா, உப்புப் படிந்து சிக்குகின்றனவா என்று பாருங்கள். சிக்கினால் பழுதுச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். உறையின் முன்கண்ணாடியில் வெளிப்புறக் கீறலை நீர் நிரப்பி ஓரளவு மறைத்துவிடும், உட்புறக் கீறல் படத்தில் தெரியும்.

காப்பீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விற்பனைக் கவுண்டரில் தரப்படும் நீட்டித்த உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டுக்கானது. உறை சரியாக மூடப்படாமல் நீர் புகுந்தால் அது உங்கள் தவறாகவே கொள்ளப்படும், உறை தயாரித்தவரும் உள்ளே இருந்த கேமராவுக்குப் பொறுப்பேற்க மாட்டார். டைவிங் கருவிகளுக்கான காப்பீடு கிடைத்தால், நீருக்கடியில் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதம் சேருமா, பயனரின் கவனக்குறைவு விலக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரீமியமும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பகுதித் தொகையும் சேர்ந்து கேமரா விலையில் பாதியை நெருங்கினால், அந்த 20 பங்கே உங்கள் காப்பீடு.

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். கேமரா, உறை, விளக்கு, உதிரிகள் எல்லாம் சேர்ந்து 80 பங்கு. மூன்றாண்டு கழித்து 32 பங்குக்கு விற்கிறீர்கள் என்று கொண்டால், இழப்பு 48, ஆண்டுக்கு 16. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 5 சேர்த்தால் 21. உங்கள் ஆறு டைவிங் நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு மூன்றரைப் பங்கு. டைவிங் மையத்தில் ஒரு நாள் வாடகை அதற்குக் கீழே இருந்தால், வாங்குவது ஆசைக்காகத்தான், சிக்கனத்துக்காக அல்ல. ஆசைக்காக வாங்குவதும் தவறில்லை, அப்படித்தான் வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

அடுத்த பயணத்தில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கையில் கேமரா இருக்கும்போது மிதப்புக் கட்டுப்பாடு நிலைக்கிறதா, பவளத்தில் கால் படாமல் நிற்க முடிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் அந்த 100 பங்கில் ஒரு பகுதி கேமராவுக்கு அல்ல, மிதப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும். வாங்கிய பிறகு, முதல் டைவில் கேமராவை எடுத்துச் செல்லாதீர்கள். உறைக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தையும் சிறு எடையையும் வைத்து மூடி, நீங்கள் வழக்கமாகச் செல்லும் ஆழம் வரை கொண்டுபோய் வாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் அடுத்த டைவில் கேமரா இறங்கலாம்.