‘பால் பத்தலை’ என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் பிரசவம், சிசேரியன். பெண் குழந்தை பிறந்து இன்றோடு 11 நாள். பிறந்தபோது 2.9 கிலோ இருந்தாள். நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.68. ஒன்பதாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டால் 2.8 தான். இன்னும் பிறந்த எடைக்கே வரவில்லை. அன்று இரவிலிருந்து, நாத்தனார் சொன்னபடி, ராத்திரியில் இரண்டு தடவை டப்பா பால் புட்டியில் கொடுக்கிறோம். முதல் மூன்று நாள் எனக்குப் பாலே ஊறவில்லை. ஐந்தாம் நாள் மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது. இப்போது இரண்டு காம்பிலும் வெடிப்பு. குழந்தை வாய் வைத்தாலே உயிர் போகிறது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை விடாமல் அழுகிறாள். பம்ப் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிகூட வரவில்லை. அம்மாவோ தண்ணீரே குடிக்க விடுவதில்லை. எனக்கு நிஜமாகவே பால் இல்லையா? அம்மாவாக இருக்க எனக்கு லாயக்கில்லையா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: உங்களுக்கு அன்றே போனில் பதில் சொல்லிவிட்டேன். பதினோரு நாள் குழந்தையை வைத்துக்கொண்டு தவிப்பவரை இதழ் வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் இதே கடிதம் ஊர் மட்டும் மாறி அடிக்கடி வருகிறது. அதனால் நாம் பேசியதை, உங்கள் சம்மதத்தோடு, இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நீங்களே எழுதிய எண்களைப் பாருங்கள். நான்காம் நாள் 2.68, ஒன்பதாம் நாள் 2.8. ஐந்து நாளில் 120 கிராம். நாளுக்கு 24 கிராம். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. டப்பா பால் ஆரம்பித்தது எப்போது? எடை போட்டு முடித்த பிறகு. அப்படியானால் அந்த 120 கிராமும் யாருடைய பால்? இதைக் கேட்டதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறந்த குழந்தையின் எடை முதல் சில நாள் குறையத்தான் செய்யும். 7 சதவீதம் வரை யாரும் பதற மாட்டார்கள். அதைத் தாண்டினால் பால் குடிப்பதை உட்கார்ந்து கவனிப்போம். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் மகளுக்குக் குறைந்தது ஏழரை. சிசேரியனில் அம்மாவுக்கு ஏற்றும் சலைனின் பங்கு குழந்தையின் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். முதல் இரண்டு நாளில் அது சிறுநீராகப் போய்விடும். பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. உங்கள் மகளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

எடைக்கருவி வீட்டில் இருக்காது. துணி இருக்கிறது. ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நனைக்க வேண்டும். கறுப்பு மலம் பச்சையாகி, பிறகு மஞ்சளாக வேண்டும். நீங்கள் சொன்ன கணக்கு ஏழெட்டு ஈரத்துணி, நாலு தடவை கடுகு கடுகாக மஞ்சள் மலம். வயிற்றுக்குள் போகாதது வெளியே வருமா? டயப்பர் போடுகிறவர்களுக்கு ஈரம் தெரியாது. புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டால் அந்தக் கனம் பழகிவிடும்.

சரி, முதல் மூன்று நாள் ‘பாலே ஊறவில்லை’ என்கிறீர்களே, அதுவும் தவறு. சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாள் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பதே 2 முதல் 10 மில்லி; ஒரு தேக்கரண்டியோ இரண்டோ. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் கர்ப்பகால ஹார்மோன் இறங்கி, பால் பெருகுவதற்கு வழி விடும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை இதெல்லாம் இருந்தால் இன்னும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போகலாம். இந்த இடைவெளியில்தான் சொந்தக்காரர்கள் சர்க்கரைத் தண்ணீரோடும் தேனோடும் வந்து நிற்பார்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவவே கூடாது. அதில் வரக்கூடிய கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். சேனை வைக்கிற தாத்தாவுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இப்போது வலி. உங்கள் கடிதத்தில் உண்மையான பிரச்சினை இது ஒன்றுதான். வீடியோ காலில் நீங்கள் பால் கொடுத்துக் காட்டினீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தையல் இழுக்கிறதென்று தோளைத் தூக்கி, முதுகை வளைத்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனீர்கள். குழந்தையின் வயிறு மேலே பார்க்கிறது, முகம் மட்டும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. நம் தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பார்த்தால் அவளுடைய கஷ்டம் தெரியும். அவள் வாயில் இருந்தது காம்பின் நுனி மட்டும். நுனியைச் சப்பினால் பால் வராது, தோல்தான் வெடிக்கும். பால் வராததால் இன்னும் அழுத்திச் சப்புவாள், இன்னும் வெடிக்கும்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பிரசவ வார்டில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள். எனக்குக் குழந்தை பிறந்ததும் நானும் உங்களைப் போலவேதான் பிடித்தேன்; நாலாம் நாள் காம்பில் ரத்தம். படித்த நர்ஸுகள் வந்து பார்த்துத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். வார்டு ஆயாம்மாதான் ஒன்றும் பேசாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைத் திணித்து, குழந்தையைப் பந்தை இடுக்குவது போல என் கக்கத்துக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அதையேதான் உங்களுக்கும் சொன்னேன். சிசேரியன் தையலுக்கு மேல் குழந்தையைப் போட வேண்டாம். உங்கள் பக்கவாட்டில் தலையணை வைத்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கைக்குள் இடுக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கை அவள் கழுத்தையும் தோளையும் தாங்கட்டும். பின்னந்தலையை அழுத்த வேண்டாம். காம்பால் மேலுதட்டைத் தடவினால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறப்பாள். திறக்கும்வரை பொறுங்கள். திறந்த நொடியில், மோவாய் முதலில் படும்படி அவளை உங்களிடம் இழுங்கள். நீங்கள் குனிய வேண்டாம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். வெளியே தெரிவது மேல்பக்கம் கொஞ்சம், கீழே அதைவிடக் குறைவு. கீழுதடு வெளியே மலர்ந்திருக்கும், கன்னம் குழி விழாது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக இழுத்து, விழுங்குகிற ‘க்ளக்’ சத்தம் கேட்கும். முதல் அரை நிமிடம் சுருக்கென்று இருப்பது பரவாயில்லை. அதற்கு மேலும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். சுண்டுவிரலை அவள் வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி ஆரம்பியுங்கள். நாலு தடவை ஆனாலும் சரி. ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம்.

வெடிப்புக்குக் கடைசியில் வரும் கெட்டிப்பாலில் இரண்டு சொட்டு தடவிக் காற்றில் உலர விடுங்கள். சோப்பு வேண்டாம். பிடி சரியானால் இரண்டு மூன்று நாளில் ஆற ஆரம்பிக்கும். ஆறவே இல்லையென்றால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் கட்டிக்கொண்டபோது பக்கத்து வீட்டு அக்கா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னதாகப் போனில் சொன்னீர்களே, நல்லவேளை செய்யவில்லை. அது வெறும் நம்பிக்கை இல்லை, வேலை செய்யும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பால் வற்றுவதற்குக் கொடுக்கும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்து, 1988இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். பால் நிற்க வேண்டியவர்களுக்கான வைத்தியம் அது. இன்னொரு தடவை கட்டினால் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் இளஞ்சூட்டு ஒத்தடம், கையால் கொஞ்சம் பீய்ச்சி மார்பை இளக்கிவிட்டுக் குழந்தையைப் பிடிப்பது, கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. அவ்வளவுதான்.

பம்பை எடுத்து பீரோவில் வையுங்கள். அது எவ்வளவு பால் இருக்கிறது என்று அளக்கிற கருவி இல்லை. வலியும் பயமுமாக உட்கார்ந்தால் பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் சுரக்கத் தயங்கும். குழந்தை சரியாகப் பிடித்து இழுக்கும் அளவுக்குப் பம்ப் இழுக்காது.

சாயங்கால அழுகைக்கும் பால் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. இந்த வயதில் நிறைய குழந்தைகள் மாலையில் விட்டு விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும். நாளுக்கு 8 முதல் 12 தடவை என்கிற கணக்கில் பாதியை அந்த நாலு மணி நேரத்திலேயே முடிக்கிற குழந்தைகளும் உண்டு. அந்த நேரத்தில் சமையல், விருந்தாளி எதுவும் உங்களுக்கு வேண்டாம். இருக்கிற இடத்தை விட்டு நகராதீர்கள்.

டப்பா பாலை நான் விஷம் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. எத்தனையோ குழந்தைகளை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் அதை எழுதிக் கொடுத்தது நாத்தனார். ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று அந்த டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கும், பாருங்கள். அவர்கள் விரும்பி அச்சடித்ததில்லை, 1992ஆம் வருடச் சட்டம் அப்படி. சிக்கல் என்னவென்றால், பால் ஊறச் செய்யும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். அந்த இரண்டு வேளையும் புட்டி கொடுத்தால், ‘இந்த நேரத்துக்குப் பால் வேண்டாம்’ என்று உடம்புக்குச் சொல்லி அனுப்புகிறோம். இந்த எடை ஏற்றத்துக்கு அந்த இரண்டு வேளையை நிறுத்திவிடலாம். நாலு நாள் கழித்து அதே எடைக்கருவியில் எடை பாருங்கள். எப்போதாவது வெளிப்பால் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் புட்டி வேண்டாம், பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுங்கள். பாட்டி காலத்துச் சாமான் என்று நினைக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளின் வார்டில் இன்றும் அதுதான்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை: அம்மா, நீங்கள் வைக்கிற பூண்டுக் குழம்பும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் அருமை, நிறுத்தாதீர்கள். ஆனால் தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்காது, வயிறும் பெருக்காது. ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் மகள் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள்.

இவற்றில் எதற்கும் காத்திருக்கக் கூடாது: குழந்தை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரத்துக்கு மேல் துணி நனைக்காதது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொடுவது. மஞ்சளுக்கு வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். உங்களுக்கு மார்பில் ஒரு இடம் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்தாலும் அன்றே டாக்டர். பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது.

கடைசி வரியில் ‘லாயக்கில்லையா’ என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாளாகச் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்காத ஒருத்தி எழுதிய வரி அது. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், விபரீத எண்ணம் ஏதாவது தலைகாட்டினால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இதைக் கணவரும் படிக்கட்டும்.

நாத்தனாரோடு சண்டை வேண்டாம். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அவர் செய்யலாம்: ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, நனைந்த துணியை நோட்டில் குறித்து வைக்க. நீங்கள் அந்த நேரம் தூங்குங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் செய்தி வந்தது: பதினைந்தாம் நாள், 2.96. கூடவே நோட்டின் போட்டோ ஒன்று. தேதி போட்டு, கோடு இழுத்து, மஞ்சள் பேனாவில் தனிக் குறி வேறு. கையெழுத்து நாத்தனாருடையது என்கிறீர்கள்.