நான்கு வயதுக் குழந்தைக்குக் கண்புரை: காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் நான்கு வயது மகளுக்குப் பிறவியிலேயே இரு கண்களிலும் புரை இருக்கிறது. செலவை ஏற்க எங்கள் குடியிருப்பில் பலர் முன்வந்துள்ளனர். ஆனால், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, "கொஞ்சம் பெரியவளாகட்டும்" என்கிறார். காத்திருக்கலாமா? அறுவை சிகிச்சை முடிந்தால் பார்வை முழுமையாக வந்துவிடுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: காத்திருக்க வேண்டாம். முதியவருக்குப் புரையைச் சில மாதங்கள் தள்ளி எடுத்தாலும் பார்வை பெரும்பாலும் மீண்டுவிடும். அவருடைய மூளை பார்க்கப் பழகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. குழந்தையின் மூளையோ, கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் வந்து சேர்ந்தால்தான் பார்க்கவே கற்றுக்கொள்ளும் என்பதால், அடர்த்தியான பிறவிப் புரையை முதல் சில வாரங்களிலேயே எடுத்துவிட மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

அதற்காக நான்கு வயதில் எல்லாம் முடிந்துபோய்விடவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா, பிறவியிலேயே பார்வையற்ற இந்தியக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தின்கீழ், எட்டு முதல் பதினேழு வயதுக்குள் சிகிச்சை பெற்ற வட இந்தியச் சிறுவர் சிலரை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. கையால் தொட்டறிந்த பொருளை, பார்வை கிடைத்த உடனே கண்ணால் மட்டும் பார்த்து அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே அந்தத் திறன் கூடியது. முழுக் கூர்மை கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாதெனினும், தானே நடமாடவும் முகங்களை அறியவும் உதவும் அளவுக்குப் பார்வை கிடைத்தாலே அது பெரிய லாபம்தான்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை பாதி வேலைதான். உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் இயற்கை லென்ஸைப்போலத் தூரத்துக்கேற்ப மாறாது. ஆகவே கண்ணாடி அவசியம். ஒரு கண் பின்தங்கினால், நல்ல கண்ணை மருத்துவர் சொல்லும் நேரம் ஒட்டுப்போட்டு மூடிவைக்க வேண்டும். குழந்தை அழுது அடம்பிடிக்கும். அதைச் சமாளிக்கப்போவது பாட்டி என்பதால், அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகு கண்ணழுத்தம் உயரவோ மீண்டும் மங்கல் படரவோ கூடும் என்பதால் பரிசோதனை பல ஆண்டுகள் தொடர வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கென்று பணம் திரட்டும் முன், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்; 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் கண்புரைக்கு இலவசச் சிகிச்சை உண்டு. உங்கள் குடியிருப்பினர் தரும் பணத்தை, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய கண்ணாடிக்கும், பரிசோதனை நாட்களில் தாய் இழக்கும் கூலிக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் ஒதுக்கிவையுங்கள்.