இ.எம்.ஐ. கட்டியாச்சாப்பா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். 2 வருடமாக ஒரு சீரியலில் நடிக்கிறாள். ஷூட்டிங்குக்குக் கூடப் போய்வர ஆள் வேண்டும் என்பதால் என் கணவர் போன வருடம் வேலையை விட்டுவிட்டார். இப்போது கதை பல வருடம் தாண்டும் ‘லீப்’ வருகிறது, அடுத்த மாதத்தோடு இவள் கேரக்டர் முடிந்துவிடும் என்கிறார்கள். வேகமாக உயரம் வேறு ஆகிக்கொண்டிருக்கிறாள், இனி சின்னப் பிள்ளை வேடம் கிடைக்குமா என்று கவலையாக இருக்கிறது. ஒரு படத்தில் நாயகியின் சிறு வயது வேடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். வெளியூரில் தொடர்ச்சியாக 40 நாள் ஷூட்டிங். பள்ளியில் அவ்வளவு லீவு தர மாட்டோம் என்கிறார்கள். பேசாமல் பள்ளியை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் ஓப்பன் ஸ்கூலிங்கில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். அவளுக்கும் நடிப்பில் ரொம்ப ஆர்வம். பொறுப்பும் அதிகம். வீட்டுக் கடன் தவணை நாளான 5ஆம் தேதி மாதாமாதம் வந்தால் ‘இ.எம்.ஐ. கட்டியாச்சாப்பா?’ என்று அவளே ஞாபகப்படுத்துவாள். பள்ளியை மாற்றலாமா? அவளுடைய கேரியர் தடைபடாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அம்மா, பள்ளி, லீப், உயரம் என்று நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கடன் தவணை 5ஆம் தேதி என்று எப்படித் தெரியும்?

உட்காரவைத்து யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். காதில் விழுந்து விழுந்துதான் தெரிந்திருக்கும். நடித்த பணம் தள்ளித் தள்ளி வருவது சீரியல் உலகில் புதிதல்ல. அப்படித் தள்ளிப்போன மாதங்களில் அவள் அப்பா மேனேஜருக்குப் போன் மேல் போன் போட்டிருப்பார். நீங்கள் உள்ளே நின்று முணுமுணுத்திருப்பீர்கள். பேமெண்ட் ஏறிய அன்று வீடே கலகலப்பாகியிருக்கும். இதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். அதுவும் நடிக்கிற பிள்ளை. ஷாட் முடிந்ததும் டைரக்டர் முகத்தைப் பார்த்தே ‘ஒன் மோர்’ வரப்போகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்கிறவளுக்கு, அப்பா முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாதா?

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள் இருவரும். தேதியை மனதில் வைத்துக்கொண்டு தவிப்பவள் அவள். இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் படிக்கப் பதறுகிறது.

பிள்ளைகள் நடிக்கிற வீடுகளிலிருந்து எனக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. ‘அவளுக்கு ரொம்ப ஆர்வம்’ என்ற வரி இல்லாத கடிதமே கிடையாது. கூடப் போவதற்காக அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டிருப்பார்கள். அடுத்த வாய்ப்பை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருப்பார்கள். இதுவரை வந்த பணம் பிள்ளை பெயரில் இருக்கிறதா என்ற பேச்சு மட்டும் எதிலும் இருக்காது. உங்கள் கடிதத்திலும் இல்லை.

உங்கள் மகளுக்கு ஆர்வம் இருக்கலாம், நிறையவே இருக்கலாம். ஆனால் அது உண்மையா என்று இனி நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். 1986இல் வந்த அந்தச் சட்டத்தை 2016இல் திருத்திக் கடுமையாக்கியபோதும், சினிமா, சீரியல், விளம்பரத்தில் நடிக்கும் பிள்ளைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். 2017இல் வந்த விதிகளில், பிள்ளையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. சரி, உங்கள் மகளிடம் நாளைக்கே கேளுங்கள், ‘நடிக்கப் பிடிக்கிறதா கண்ணு?’ என்று. ‘பிடிக்குது’ என்றுதான் சொல்வாள். தான் வேண்டாம் என்றால் வீட்டுக் கடன் என்னாகும் என்று தெரிந்த பிள்ளை வேறு என்ன சொல்ல முடியும்? அவள் வாயிலிருந்து ‘முடியாது’ வருவதற்கான வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

அடுத்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். சீரியலில் லீப் வருவது அன்றாட விஷயம். கதை பத்துப் பதினைந்து வருடம் தாண்டும், சிறுமி இளம்பெண்ணாகிவிடுவாள், அந்த வேடத்தில் வேறு நடிகை வந்துவிடுவார். யார் மீதும் குற்றமில்லை. பெரியவர்களுக்கு இது புரியும். அவளுக்கு எப்படிப் புரியும்? இரண்டு வருடம் பழகிய செட், மேக்கப் போட்டுவிடும் அக்கா, வசனத்தை ப்ராம்ப்ட் பண்ணும் அண்ணன் எல்லாரும் ஒரே நாளில் இல்லாமல் போய்விடுவார்கள். அதுவே ஒரு பிள்ளைக்குப் பெரிய இழப்பு. அதோடு 5ஆம் தேதியும் வரும். அப்பா முகம் வாடியிருக்கும். தான் உயரமானதால்தான் வீட்டில் பணம் இல்லை என்று அவள் முடிவு கட்டிக்கொள்வாள். உங்களிடம் சொல்லவும் மாட்டாள். கடைசி ஷூட்டிங் நாள் வருவதற்குள் இந்தச் சுமையை அவள் தலையிலிருந்து இறக்குங்கள். ஓப்பன் ஸ்கூலிங் எல்லாம் அப்புறம்.

உயரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளை நன்றாக வளர்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டிய தாய் கவலைப்படுகிறீர்கள். அவள் காதில் விழும்படி இதை ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். அதே 2017ஆம் வருட விதிகளின்படி, பிள்ளை நடித்துச் சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை, பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் வைப்பு நிதியாக நேரடியாகப் போட்டுவிட வேண்டும். 18 வயது ஆனதும் அது அவள் கைக்குப் போகும். பேமெண்ட் எந்தக் கணக்குக்கு வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கணக்குக்குத்தான் வருகிறது என்று நினைக்கிறேன், தவறாக இருந்தால் சந்தோஷம். அப்படித்தான் என்றால், இந்த வாரமே தயாரிப்பு நிறுவனத்து மேனேஜரிடம் போய், 2 வருடத்துக்கான அந்த 20 சதவீதம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். போடவில்லை என்றால், இன்னும் வர வேண்டிய பாக்கியிலிருந்தாவது அவள் பெயரில் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

20 என்பது சட்டம் சொல்லும் கீழ் எல்லை. என்னைக் கேட்டால் மீதி 80ம் அவளுடையதுதான். போக்குவரத்து, உடை என்று அவள் நடிப்புக்காக ஆகும் செலவை அதில் எடுக்கலாம். வீட்டுக் கடனுக்கு எடுக்கக் கூடாது. ‘எங்கள் பிள்ளை, எங்கள் வீடு, அவளும்தானே அதில் இருக்கிறாள்’ என்பீர்கள். இருக்கட்டும். பிள்ளைக்குத் தலைக்கு மேல் கூரை போடுவது பெற்றவர்களின் கடமை. அதற்கு அந்தப் பிள்ளையிடமே வாடகை வாங்குவீர்களா? வருமான வரித்துறைகூட இதில் தெளிவாக இருக்கிறது. சிறுவர் பெயரில் வரும் வட்டி போன்ற வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கிறது, ஆனால் தன் திறமையால் பிள்ளை சம்பாதித்ததை அப்படிச் சேர்ப்பதில்லை. அது பிள்ளையின் சொந்த வருமானம்.

இந்தச் சங்கடம் சினிமா பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. சாப்ளினோடு 1921இல் நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன். வளர்ந்து ஆளானபின் தன் பணத்தைத் தேடினால், லட்சக்கணக்கான டாலர் கரைந்து போயிருந்தது. 1938இல் பெற்ற தாய்மீதும் அவருடைய இரண்டாம் கணவர்மீதும் வழக்குப் போட்டார். பிள்ளை சம்பாதிப்பது பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அப்போது கலிபோர்னியா சட்டம். கடைசியில் அவர் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பில்தான், பிள்ளைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்லி 1939இல் அங்கே சட்டம் வந்தது. அந்தத் தாய் தன்னைக் கெட்டவள் என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். குடும்பத்துக்காகச் செலவு செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

கேரியர் என்று கேட்டிருக்கிறீர்கள். 9 வயதில் கேரியர் கிடையாது அம்மா. வேடங்கள் உண்டு, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் கமல்ஹாசனைச் சொல்வார், எல்லா அப்பாக்களும் சொல்கிறார்கள். 1960இல் சின்னப் பையனாகத் திரைக்கு வந்தவர்தான். ஆனால் அந்தப் பிள்ளை வேடங்களே அவரை நாயகனாக்கவில்லை. நடுவில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, நடன இயக்குநரிடம் உதவியாளர் வேலை என்று பல வருடம் தொழில் கற்றார். 70களில் பாலசந்தர் படங்கள் வழியாக வந்தது பெரியவராக, புதிதாக ஒரு வருகை. ஸ்ரீதேவியைச் சொல்வீர்களானால், அவர் நாயகியாக நின்றபோது வயது 13. அந்த வயதில் அந்த இடத்தில் நம் பிள்ளை நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட மாட்டேன். குழந்தை நட்சத்திரமாகப் பேர் வாங்கிய எத்தனையோ பேர் அதோடு நின்று, படித்து, வேறு வேலைக்குப் போய் நன்றாக வாழ்கிறார்கள். அது தோல்வியே இல்லை. அவர்களுக்கு அந்த வாழ்க்கை அமைந்ததற்குக் காரணம், பள்ளி கைவிட்டுப் போகாமல் இருந்ததுதான்.

அதனால் ஓப்பன் ஸ்கூலிங் வேண்டாம். பள்ளிக்குப் போக வழியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அது வரம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்குப் பள்ளி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. செட்டில் அவளைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அவள் அங்கே சம்பளம் வாங்குகிற ஆள். வகுப்பறை ஒன்றில்தான் அவள் இன்னும் நான்காம் வகுப்புப் பிள்ளையாக இருக்கிறாள். பக்கத்துப் பெண்ணோடு சண்டை போட்டு, மறுநாள் ராசியாகி, கணக்குக்குத் திட்டு வாங்குகிற ஒரே இடத்தையும் பிடுங்கிவிடாதீர்கள். லீவு தர மறுத்த அந்தப் பள்ளிக்கு நான் நன்றி சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரர் வேலை தேட வேண்டும், இன்றே. ஒரு வருட இடைவெளி பெரிய விஷயமில்லை. பழைய சம்பளம் கிடைக்காமல் போகலாம், பரவாயில்லை. நீங்கள் வேலை பார்ப்பதாக எழுதவில்லை. முடிந்தால் நீங்களும் தேடுங்கள். இருவர் சம்பாத்தியத்திலும் தவணை கட்ட முடியவில்லை என்றால் வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். அதுவும் ஆகாது என்றால் வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போங்கள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாலும் சரி. 9 வயதுப் பிள்ளையின் கால்ஷீட்டை நம்பி நிற்கிற வீடு உங்கள் வசதிக்கு மீறிய வீடு.

அவளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். ‘அப்பா வேலைக்குப் போகப் போறேன். வீட்டுக் கடன் அப்பா அம்மா வாங்கினது, நாங்களே கட்டிடுவோம். நீ சம்பாதிச்சது உன் பேர்ல பேங்க்ல இருக்கு’ என்று சொல்லி, வைப்பு நிதி ரசீதைக் கையில் கொடுங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள், கண்டுபிடித்துவிடுவாள். முதலில் பணத்தைப் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். அதன்பின் சில மாதம் அவள் முன்னால் போனில் பேமெண்ட் பேச்சே வேண்டாம். அப்போது அவள் ‘இனிமே நடிக்கலை’ என்றாலும் சரி, ‘நடிக்கணும்’ என்றாலும் சரி, அதை நம்பலாம்.

கடைசியாக அந்தப் படம். தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் ஒரு பிள்ளையை நடிக்க வைக்கக் கூடாது என்பது விதி. ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர். 40 நாள் தொடர்ச்சியாகக் கேட்கும்போதே அவர்களுக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்கள். உங்கள் மகள் உண்மையிலேயே ஆசைப்பட்டால் இப்படிக் கேளுங்கள்: அவள் காட்சிகளைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ள முடியுமா, ஒவ்வொரு நாளும் அவள் ஷாட்களை முதலில் முடித்து அனுப்புவீர்களா, அனுமதிக் கடிதத்தின் நகலைத் தருவீர்களா, அவள் பங்கு நேராக அவள் கணக்குக்குப் போகுமா? நல்ல கம்பெனியாக இருந்தால் உதவி இயக்குநர் ஷெட்யூலை எடுத்துவைத்துக்கொண்டு உங்களோடு பேசுவார். ‘இதெல்லாம் யாரும் கேட்கிறதில்லையே மேடம்’ என்று சிரித்தால் போனை வைத்துவிடுங்கள்.