பனி விலகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: நாற்று வளர்ப்புக் கேள்வி பதில்

தைப்பொங்கல் கழிந்ததும் ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் உள்ள தமிழ் வீடுகளில் விதைப் பைகள் அலுமாரியிலிருந்து வெளியே வரத் தொடங்கிவிடுகின்றன. முற்றத்தில் முழங்கால் அளவு வெண்பனி கிடக்கும்போதே கத்தரிக் கன்றை நினைத்துக்கொள்ளும் அந்த ஆவலை நான் நன்கு அறிவேன். ஆயினும் இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்கு மேற்பட்டவை, அந்த ஆவல் ஒரு மாதம் முந்திவிட்டதால் நேர்ந்த இழப்புகளைப் பற்றியவை.

கேள்வி: கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றையும் பெப்ரவரி முதலாம் கிழமையில் ஒரே தட்டில் விதைத்துவிடலாமா? முந்தி விதைத்தால் முந்திக் காய்க்கும் அல்லவா? (ஸ்காபரோ)

பதில்: முந்தி விதைப்பதால் முந்திக் காய்ப்பதில்லை. சிறு குவளைக்குள் வேர் சுருண்டு, இடமும் உணவும் போதாமல் நாட்களைக் கழித்த கன்று, நிலத்துக்குப் போன பின்பும் பல நாட்கள் வளராமல் அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் விதைத்த இளங்கன்று அதை முந்திவிடும். கனடாவுக்கு வந்த முதலாண்டில் தை மாதத்திலேயே கத்தரி விதைத்தேன். ஏப்ரல் இறுதியில் அவை குவளையிலேயே பூத்தன. அந்தக் கோடை முழுவதும் ஒரு செடிக்கு இரண்டு மூன்று காய்களுக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தை இன்னொருவர் அனுபவிக்க வேண்டாம் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கன்றை நிலத்தில் வைக்கும் நாளைத் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இப்பகுதியில் கடைசி உறைபனி வழக்கமாக மே மாதத்தின் முதற்பாதியில் முடிந்துவிடும் என்றாலும், மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமையான விக்ரோறியா நாள் வரையில் பொறுத்திருப்பதே இங்குள்ள தோட்டக்காரர்களின் வழக்கம். தக்காளிக்கு அந்த நாள் பொருந்தும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் உறைபனி விலகினால் மட்டும் போதாது. இரவு வெப்பநிலை தொடர்ந்து 12 அல்லது 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காத காலம் வரவேண்டும், அது பெரும்பாலும் யூன் முதல் வாரத்திலேயே வரும். 10 பாகைக்குக் கீழே சில இரவுகள் நின்ற கத்தரிக் கன்று செத்துப்போவதில்லை, ஆனால் வளர்ச்சி முடங்கி, மீண்டெழப் பல நாட்களை எடுத்துக்கொள்ளும்.

இனிக் கணக்குக்கு வருவோம். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் போதும் என்பதால், ஏப்ரல் முதல் வாரம் அதற்குரிய காலம். கத்தரிக்கு 8 முதல் 10 வாரம் வேண்டும். மார்ச் 25ஐ ஒட்டி விதையுங்கள். மிளகாய் முளைப்பதற்கே இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளக்கூடியது என்பதால் மார்ச் தொடக்கம் நல்லது. ஹபனேரோ போன்ற காரம் மிகுந்த இனங்கள் மட்டும் பெப்ரவரி இறுதிக்கு உரியவை. இம்மூன்றையும் ஒரே தட்டில் விதைக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: தக்காளி ஒரு வாரத்தில் முளைத்து வெளிச்சம் கேட்கும்போது, மிளகாய் இன்னும் மண்ணுக்குள் சூடு கேட்டுக்கொண்டிருக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண்ணின் வெப்பம் 26 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். குளிர்காலத்து வீட்டில் 20 பாகையில் வைத்த தட்டு, ஈரம் ஆவியாவதால் அதைவிடவும் ஓரிரு பாகை குளிர்ந்தே இருக்கும். ஆகவே தட்டின் கீழே விரிக்கும் மின்வெப்பப் பாய் ஒன்றை வாங்குவது வீண்செலவன்று. முளை வெளிப்பட்டதும் பாயை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஒட்டாவாவில் இருக்கிறேன். ரொறன்ரோ நண்பர்களின் நாட்காட்டியையே பின்பற்றலாமா?

பதில்: எல்லாவற்றையும் ஒரு வாரம் பின்தள்ளுங்கள். ரொறன்ரோப் பெரும்பாகத்துக்குள்ளேயேகூட ஏரிக்கரை வீடுகளுக்கும் வடக்கே மார்க்கம், பிரம்ரன் பகுதிகளுக்கும் வேறுபாடு உண்டு. ஏரியின் நீர், கரையோர இரவுகளை உறைபனியிலிருந்து ஓரளவு காக்கிறது.

கேள்வி: தெற்கு நோக்கிய யன்னலில் வைத்தும் தக்காளி நாற்றுகள் நூல்போல நீண்டு சரிந்துவிடுகின்றன. உரம் இடவேண்டுமா? (மிசிசாகா)

பதில்: உரம் இடவேண்டாம்; அது நிலைமையை மோசமாக்கும். உங்கள் நாற்றுகளுக்குக் குறைவது வெளிச்சம். பெப்ரவரி நடுப்பகுதியில் ரொறன்ரோவின் பகல் ஏறத்தாழ பத்தரை மணித்தியாலம்தான். அதிலும் மேகமூட்டமான நாட்களே அதிகம். வெளிச்சம் மங்கலாகவும் அறை சூடாகவும் இருக்கும்போது, நாற்று வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். கடைகளில் கிடைக்கும் சாதாரண வெண்ணிற எல்இடி குழாய் விளக்கு ஒன்றை நாற்றின் நுனியிலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். முளைத்த பிறகு அறையின் வெப்பத்தை 18 பாகையளவுக்குக் குறைப்பதும் தண்டைத் தடிக்கச் செய்யும். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளியை எறிந்துவிடாதீர்கள். விதையிலைகள் வரையில் மண்ணுக்குள் புதைத்து வேறு குவளைக்கு மாற்றினால், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரிக்கு இந்த வழி அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கேள்வி: பாகலும் புடலும் மூன்று கிழமையாகியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகியிருக்கின்றன. (ஏஜக்ஸ்)

பதில்: இவ்விரண்டின் விதைத்தோலும் கடினமானது, சூடில்லாத ஈரமண்ணில் கிடந்தால் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். விதையின் ஓரத்தை நகவெட்டியால் மிகச் சிறிதாக நறுக்கி, உள்ளே இருக்கும் பருப்பில் காயம் படாமல் பார்த்துக்கொண்டு, இளஞ்சூடான நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். பின்னர் ஈரமான கடதாசித் துணியில் சுற்றிப் பையிலிட்டு, 28 முதல் 30 பாகை சூடுள்ள இடத்தில் வைத்தால், ஒரு வாரமளவில் முளை தலைகாட்டும். முளைத்ததை மட்டும் எடுத்து, ஒரு குவளைக்கு ஒன்றாக நடுங்கள். கொடியினங்களுக்கு வேர் கலைவது பிடிக்காது. ஆகவே மண்ணோடு சேர்த்துப் புதைத்துவிடக்கூடிய கடதாசிக் குவளைகளே பொருத்தமானவை.

மற்றொன்று, இவற்றுக்கு 4 வாரத்துக்கு மேல் வீட்டுக்குள் இடமளிக்க வேண்டாம். யூன் முதல் வாரத்தில் வெளியே வைக்கப்போகும் பாகலை மே மாதத் தொடக்கத்தில் விதைத்தால் போதும். அதற்கு முந்தினால் கொடி யன்னல் திரையில் ஏறிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது முறியும். கடையில் வாங்கிய பச்சைப் பாகற்காயிலிருந்து எடுத்த விதை முற்றாதது என்பதால் அது முளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: நேற்று நன்றாக நின்ற நாற்றுகள் இன்று அடித்தண்டு மெலிந்து, அறுத்துப் போட்டதுபோலச் சாய்ந்து கிடக்கின்றன.

பதில்: இது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசொக்டோனியா முதலிய மண்வழி நுண்ணுயிர்களால் வருவது. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை, அருகிலுள்ளவற்றைக் காப்பாற்றலாம். தோட்டத்து மண்ணை நாற்றுத் தட்டில் இடவே வேண்டாம். தும்புத்தூளும் பேர்லைற்றும் (பொரித்த வெண்ணிறக் கல் துகள்) கலந்த புதிய நாற்றுக் கலவையைப் பயன்படுத்துங்கள். பழைய தட்டுகளைக் கழுவி, நீர்த்த பிளீச் கரைசலில் நனைத்து உலர்த்துங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், கீழ்த்தட்டில் ஊற்றி அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். முளை தெரிந்த அன்றே மூடியை அகற்றி, சிறு மின்விசிறியை மென்மையாக ஓடவிடுங்கள்.

கேள்வி: வெண்டி, பயிற்றை, முளைக்கீரை ஆகியவற்றையும் உள்ளே விதைக்க வேண்டுமா?

பதில்: கீரையும் பயிற்றையும் யூன் தொடக்கத்தில் நேரே நிலத்தில் விதைக்க வேண்டியவை. வெண்டிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். கோடை குறுகியதென்பதால் விரும்பினால் மே நடுப்பகுதியில் உயரமான குவளையில் விதைத்து, மூன்று வாரத்தில் வேர்மண் உடையாமல் மாற்றலாம். கோவா மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது: குளிரைத் தாங்குவதால் மார்ச் நடுப்பகுதியில் விதைத்து ஏப்ரல் இறுதியிலேயே வெளியே வைத்துவிடலாம்.

கேள்வி: விக்ரோறியா நாளன்று நட்ட கன்றுகளின் இலைகள் இரண்டே நாளில் வெளுத்துக் கடதாசிபோலாகிவிட்டன. உறைபனி எதுவும் இல்லையே. (பிக்கரிங்)

பதில்: அது வெயிலின் வேலை. பேஸ்மென்றில் விளக்கொளியிலே வளர்ந்த இலை, திறந்தவெளி வெயிலையும் காற்றையும் ஒருநாளும் கண்டதில்லை. வெளியே நடுவதற்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பே கன்றுகளைப் பழக்க வேண்டும்: முதல்நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பின்னர் நாள்தோறும் சற்றுக் கூட்டிக் காலை வெயில், கடைசி இரண்டு நாட்கள் இரவும் வெளியே. உங்கள் கன்றுகளின் நுனிக்குருத்து பச்சையாக இருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். வெள்ளைத் துணியால் ஒரு வாரம் நிழல் கொடுங்கள், புதிய இலைகள் வெளிவரும்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த அவரையைப் பெப்ரவரியிலேயே உள்ளே விதைத்தேன். ஓகஸ்ட் வரை வேலியை மூடிப் படர்ந்தது, ஒரு பூவும் இல்லை. இன்னும் முந்தி விதைத்திருக்க வேண்டுமா?

பதில்: இல்லை, எவ்வளவு முந்தினாலும் இதுவே நடந்திருக்கும். ஊரின் பழைய அவரை இனங்களும் சிறகவரையும் பகல் குறுகும்போதே பூக்கத் தொடங்குபவை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணித்தியாலத்தைத் தொடுவதில்லை. ரொறன்ரோவில் யூன் மாதப் பகல் பதினைந்தரை மணித்தியாலத்தை நெருங்குகிறது. இங்கே பகல் 13 மணித்தியாலத்துக்குக் கீழிறங்குவது செப்ரெம்பரின் முதல் வாரத்தில்தான். அதன் பிறகு அரும்பு கட்டி, பூத்து, காய் முற்றுவதற்குள் ஒக்ரோபர் உறைபனி வந்துவிடும். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை (கொடியாகப் படராமல் செடியாக நிற்கும் அவரை) இனங்கள் உள்ளன. விதை வாங்கும்போது அவற்றைக் கேட்டு வாங்கி, மே நடுப்பகுதியில் குவளையில் விதையுங்கள். பூக்காமல் வேலியில் படரும் கொடியின் இளந்தளிர்களைக் கீரையாகக் கறிவைக்கலாம்.