காற்றுக்குக் காத்திருக்கும் தூண்டில்காரர்கள்

கேள்வி: அயர்லாந்தின் கால்வே நகரில் வேலை பார்க்கும் மகளைக் காண்பதற்காகக் கடந்த மே மாதம் போயிருந்தேன். அருகிலுள்ள கொரிப் ஏரியில், படகுக்கு இருவராக அமர்ந்து, எஞ்சினையும் நிறுத்திவிட்டு, தக்கையோ புழுவோ இல்லாத தூண்டிலைச் சாட்டைபோல் வீசிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில் வந்து காற்று அடங்கியதும் நாங்கள் மகிழ்ந்தோம். அவர்கள் முகமோ வாடிவிட்டது. ஏன்?
— வாசகி ஒருவர், கோவை

பதில்: அவர்கள் தேடி வந்தது பழுப்பு ட்ரவுட் மீனை. நத்தை, கூனி போன்றவற்றை அடியில் மேயும் அம்மீன், மே மாதத்தில் மேற்பரப்புக்கு வருவதற்கு ‘மேஃப்ளை’ என்னும் பூச்சியே காரணம். ஏரிச் சேற்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் புழுவாக வாழ்ந்து, வசந்தத்தில் நீர்மேல் வந்து சிறகு விரிக்கும் இந்தப் பூச்சிக்கு உண்ண வாயில்லை. இணைந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிந்துவிடுகிறது. நம் ஊர் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறகையும் உரோமத்தையும் நூலால் முள்ளில் கட்டி, இப்பூச்சியைப் போலச் செய்வதுதான் அவர்களுடைய இரை. அதற்கு எடையே கிடையாது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கயிற்றை இழுத்துச் செல்லும். இங்கே தடித்த கயிறே எடையாகி, மெல்லிய நரம்பின் நுனியிலுள்ள பொய்ப்பூச்சியைச் சுமந்து செல்கிறது. நீங்கள் கண்ட சாட்டைவீச்சின் காரணம் இதுவே.

இனிக் காற்றுக்கு வருவோம். படகைக் குறுக்காகத் திருப்பிவிட்டால், காற்று அதை ஆழமற்ற பாறைத்திட்டுகளின் மேலாக மெதுவாகத் தள்ளிச் செல்லும். இருவரும் காற்று போகும் திசையை நோக்கி அமர்ந்து, இன்னும் படகு எட்டாத நீரில் தூண்டிலை வீசுவார்கள். வேகம் மிகுந்தால், துணியாலான நீர்ப் பாராசூட் ஒன்றைப் பின்னால் இறக்கிப் படகை இழுத்துப் பிடிப்பார்கள். நீரில் எழும் சிற்றலை ஒளியைச் சிதறடிப்பதால், நரம்பும் படகும் மீனின் கண்ணுக்குத் தெளிவாகப் படுவதில்லை. மேகமூட்டமான ஈர நாளில் பூச்சியின் சிறகு உலரத் தாமதமாகி, அது நீரின்மேல் கூடுதல் நேரம் கிடக்கும். வெயிலும் அமைதியும் சேர்ந்தால் இவை அத்தனையும் கெடுகின்றன. நமக்கு இனிய நாள், அவர்களுக்குப் பாழ்நாள்.

காற்றையே முழுக்க நம்பும் பழைய முறையும் அங்கு உண்டு. நீண்ட கோலில் இலேசான பட்டு இழையைக் கட்டி, உயிருள்ள மேஃப்ளைகளை முள்ளில் கோத்து, காற்று இழையைத் தூக்கிப் பிடிக்க, பூச்சி மட்டும் நீரைத் தொட்டு நடனமாடும்படி விடுவார்கள். கரைப் புதர்களில் அப்பூச்சிகளைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து விற்பது அவ்வூர்ச் சிறுவர்களுக்கு நெடுங்கால வருமானம். இம்முறையில் மீன் கவ்விய உடனே கோலை இழுத்தால் முள் தைக்காது. அது திரும்பிக் கீழே செல்லும்வரை பொறுக்க வேண்டும். எனக்கு இதுதான் வீச்சைவிடக் கடினமாகத் தோன்றுகிறது.

கேள்வி: ஒரு படகில் பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டார்களே?

பதில்: அது சிறியதாக இருந்திருக்கலாம். கொரிப்பில் 33 செ.மீ.க்குக் குறைந்த ட்ரவுட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் ஒரு நாளில் 4 மீனுக்கு மேல் எடுக்கவும் கூடாது. அளவு சரியாக இருந்தும் விட்டுவிடுகிறவர்கள் இப்போது பலர்.