தூண்டில் ரீல் வாங்கும் முன்: மலிவு, மேல்தரம் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

1,500 ரூபாய் ஸ்பின்னிங் ரீலையும், 50,000-ஐத் தாண்டும் ஷிமானோ ஸ்டெல்லாவையும் ஒரே கடையில் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். இரண்டுமே வழுக்கிக்கொண்டுதான் சுற்றுகின்றன. மீதிப் பணம் வெறும் பெயருக்குத்தானா? – சென்னை வாசகர்

கடையில் சுற்றும்போது ரீலுக்குச் சுமையே கிடையாது. போதாக்குறைக்கு, மலிவு ரீல்களுக்குள் கெட்டியான கிரீஸை அள்ளி அப்பியிருப்பார்கள். பல்லோடு பல் சரியாகப் பொருந்தாத கரகரப்பை அந்த கிரீஸ் மூடிவிடும். நாளாக ஆக அது ஓரத்துக்கு ஒதுங்கியதும் உள்ளிருக்கும் லட்சணம் கைக்குத் தட்டுப்படும்.

கைப்பிடியோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு ரீலில் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தது. வார்த்த பல்லின் முகம் அவ்வளவு நேர்த்தியாக வராது, தேய்மானமும் சீக்கிரம். மேல்தர ஷிமானோவில் அலுமினியக் கலவையை உருக்காமல், குளிர்நிலையிலேயே பெரும் அழுத்தத்தில் அச்சுக்குள் நசுக்கிப் பல்லை உருவாக்குகிறார்கள். 1921-ல் ஜப்பானின் சக்காய் நகரில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்து தொடங்கிய நிறுவனம் அது. சைக்கிள் பாகங்களில் பழகிய கை ரீலுக்கும் வந்தது. அந்தப் பெரிய சக்கரத்தோடு இணையும் சின்ன பினியன் இரண்டு வகையிலும் பெரும்பாலும் பித்தளைதான்.

அடுத்தது உடல். ‘கிராஃபைட் பாடி’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மலிவு ரீலில் அது நார் கலந்த பிளாஸ்டிக். நல்ல மீன் ஒன்று கீழே அழுத்தும்போது உடல் ஒரு மயிரிழை வளைந்தால் போதும், பல்சக்கரமும் பினியனும் இணையும் இடம் நகர்ந்துவிடும். அப்போது வரும் ‘கொர்ர்’ சத்தத்தைக் காதாலேயே கேட்கலாம். ஒருமுறை அப்படி அரைத்த பல் பழைய நிலைக்குத் திரும்பாது. பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷிமானோவின் சிஐ4 பிளஸ், டைவாவின் ஸயான் இரண்டும் கார்பன் நார் சேர்த்து விறைப்பாகச் செய்தவை. மலிவு பாடியோடு அவற்றைச் சேர்க்க முடியாது.

மூன்றாவது, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் மேலும் கீழும் போய்வரும் முறை. மலிவு ரீலில் ஒரு சக்கரத்தின் முளை, வளைந்த காடி உள்ள கட்டையைத் தள்ளும். விலை கூடியதில் திருகுபோல் மரை வெட்டிய தண்டு. தண்டு முறையில் நரம்பு சீராகப் படியும், வீச்சும் கொஞ்சம் கூடும். ஆனால் மரையில் ஓடும் சின்ன நாக்கு உப்பும் மணலும் பட்டால் தேயும். வளைகாடி முறையில் பாகங்கள் குறைவு, அதனால் முரட்டு உபயோகத்தைத் தாங்கும். கனமான கடல் ரீல்கள் சிலவற்றில் வேண்டுமென்றே இதைத்தான் வைக்கிறார்கள்.

எங்கள் கணக்கில் 1,500 ரூபாய் ரீலுக்கும் 6,000 ரூபாய் ரீலுக்கும் தரத்தில் உள்ள வித்தியாசம் மலை. 6,000-லிருந்து 18,000 வரை மேடு. அதற்கு மேலே கிடைப்பது எடைக்குறைவும், நெடுநாள் கழித்தும் முதல் நாள் போலவே சுற்றும் சுகமும். தினமும் 300 முறை லூர் (செயற்கை இரை) வீசுகிறவருக்கு 100 கிராம் எடைக்குறைவு மணிக்கட்டில் தெரியும். இரை கட்டி வீசிவிட்டு, தூண்டில் கம்பான ராடைத் தாங்கியில் சாத்திவைப்பவருக்குத் தெரியாது.

‘12+1 பேரிங்’ என்று போட்ட ரீல் 1,200 ரூபாய்க்கு வருகிறது. 4+1 போட்டது 4,000 சொல்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே? – திருச்சி வாசகர்

இல்லை. பினியனுக்கு ஒன்று, பெரிய பல்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று, நரம்பு உரசி ஓடும் லைன் ரோலருக்கு ஒன்று. இந்த நான்கும் துருத்தாங்கும் நல்ல பேரிங்காக இருந்தால் வேலை நடக்கும். மீதி கைப்பிடிக் குமிழில் ஒளிந்திருக்கும் அலங்காரம். அந்த ‘+1’ கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் உருளை கிளட்ச்.

பாம்பன் பக்கம் பெரிய பாறை மீன் அடித்தது. என் ரீலில் 8 கிலோ டிராக் என்று எழுதியிருக்கிறது. 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் 20 பவுண்டு லீடர் நரம்பு. ஓட ஆரம்பித்த நொடியிலேயே லீடர் அறுந்தது. ரீலின் குற்றமா? – ராமநாதபுரம் வாசகர்

பாதி ரீல், பாதி நீங்கள்.

மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடிப்புதான் டிராக். 8 கிலோ என்பது அதன் குமிழை முழுக்க இறுக்கினால் வரும் உச்சம். உங்களுக்கு அது தேவையே இல்லை. டிராக்கை எப்போதும் கட்டமைப்பின் பலவீனமான கண்ணியை வைத்துக் கணக்கிட வேண்டும். இங்கே அது 20 பவுண்டு லீடர், அதாவது சுமார் 9 கிலோ. அதில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை, 2¼ முதல் 3 கிலோ வைத்திருந்தால் சரி. விரலால் இழுத்துப் பார்த்து ‘போதும்’ என்று விடாதீர்கள்; கை பொய் சொல்லும். ஒரு வில் தராசை நரம்பு நுனியில் கட்டி நேராக இழுத்துப் பாருங்கள்.

மீன் ஓட ஓட ஸ்பூலில் நரம்பு குறையும், சுற்றின் விட்டமும் சிறுக்கும். டிராக் குமிழை நீங்கள் தொடாவிட்டாலும் நரம்பில் விழும் இழுவை ஏறும். நிறைந்த ஸ்பூலில் 50 மி.மீ. விட்டத்தில் 3 கிலோ வைத்தீர்கள் என்றால், விட்டம் 35 மி.மீ. ஆகும்போது அதுவே கிட்டத்தட்ட 4.3 கிலோ. மீன் தூரம் போனதும் பயந்து குமிழை இறுக்குவது நம் ஆட்களின் வழக்கம். அந்த நேரத்தில் தளர்த்துவதுதான் சரி.

ஆனால் முதல் நொடியிலேயே அறுந்தது என்கிறீர்களே, அது ரீலின் பங்கு. மலிவு ரீலின் டிராக்கில் எண்ணெய் ஊறிய கம்பளி வாஷர் இருக்கும். இறுக்கியபடியே வாரக்கணக்கில் பரணில் கிடந்தால் அது நசுங்கி உலோக வாஷரோடு ஒட்டிக்கொள்ளும். 3 கிலோவுக்கு வைத்த டிராக் அசையத் தொடங்கவே 5 கிலோ கேட்கும், பிறகு படக்கென்று விடும். பாறை மீன் அந்தப் ‘படக்’ வரை காத்திருக்காது. பென் நிறுவனத்தின் பேட்டில், ஸ்பின்ஃபிஷர் வரிசைகளில் உள்ள கார்பன் நார் வாஷர் புறப்படும்போதும் ஓடும்போதும் ஏறக்குறைய ஒரே இழுவையைத் தரும்.

வீட்டில் சோதிக்க எளிய வழி உண்டு. நரம்பு நுனியில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். ராடை மாடியிலிருந்து நேர் கீழாகப் பிடித்து, பாட்டில் மெதுவாக இறங்கும் அளவுக்கு டிராக்கைத் தளர்த்துங்கள். ஒரே சீராக இறங்கினால் நல்ல டிராக். நின்று நின்று, குதித்துக் குதித்து இறங்கினால் வாஷர் ஒட்டுகிறது. கம்பளியைக் கழற்றிவிட்டு, அதே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் உள்ள கார்பன் வாஷரைப் போடலாம். மேலே டிராக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். கழற்றும்போதே வாஷர்களின் வரிசையைப் படம் எடுத்துவையுங்கள். காது உள்ள உலோக வாஷரும் நடுவில் தட்டையான பக்கம் உள்ள வாஷரும் இடம் மாறினால் டிராக் பிடிக்கவே பிடிக்காது.

கடலுக்குக் கொண்டுபோன ரீல் மூன்றே மாதத்தில் கீச்சிடுகிறது. ஒவ்வொரு முறையும் வந்ததும் பைப்பைத் திறந்து வேகமாகக் கழுவுகிறேன். – தூத்துக்குடி வாசகர்

அந்த வேகம்தான் கெடுத்திருக்கிறது. மேலே ஒட்டியிருந்த உப்பை நீங்களே உள்ளே தள்ளியிருக்கிறீர்கள்.

டிராக்கை முதலில் இறுக்குங்கள், வாஷருக்குள் தண்ணீர் போகாது. பூவாளியில் விழுவதுபோல் மெல்லிய நல்ல தண்ணீரில் கைப்பிடியைச் சுற்றியபடி நனையுங்கள். வாளியில் முக்கவே கூடாது. உதறி, துடைத்து, ஸ்பூலைத் தனியாகக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். லைன் ரோலர், பெயில் (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் கம்பி வளையம்) கீல், கைப்பிடிக் குமிழ் மூன்றுக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய். ஒரு துளி என்றால் ஒரு துளிதான்.

கீச்சிடுவது பெரும்பாலும் லைன் ரோலர். கடலில் முதலில் சாகும் பாகம் அதுதான். ரோலரில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நரம்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். புள்ளி சுழல வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் ரோலர் இறுகிவிட்டது. அதன் மேல் பிரெய்டு உரசி உரசிக் கத்திக்கீறல் போல் கோடு போடும், பிறகு அந்தக் கோடே பிரெய்டை அறுக்கும். நரம்பு முறுக்கேறுவதும் இதனால்தான். மலிவு ரீலில் இங்கே பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம் இருக்கலாம். பல ரீல்களில் 4×7×2.5 மி.மீ. பேரிங் சரியாக உட்காரும். அளந்து பார்த்தே வாங்குங்கள்.

கடல்தான் உங்கள் வழக்கமான இடம் என்றால், கூடுதல் பணத்தை நீர்க்காப்புக்குக் கொடுங்கள். பென் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் வரிசையின் நீர்க்காப்புத் தரம் ஐபிஎக்ஸ்5. ஸ்லாமர் நான்காம் வரிசைக்கு ஐபிஎக்ஸ்6. பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதே இதன் பொருள், முக்கி எடுக்கலாம் என்பதல்ல. ரப்பர் வளையம் உரசுவதால் இவை கடையில் சற்று இறுக்கமாகச் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு ‘மலிவு ரீல் இதைவிட லூசாகப் போகிறதே’ என்று திரும்பி வருபவர்கள் நிறைய.

கைப்பிடி சில நேரம் பின்பக்கம் வழுக்கிச் சுற்றுகிறது. நன்றாக கிரீஸ் போட்ட பிறகுதான் இந்தக் கோளாறு. – கடலூர் வாசகர்

கிரீஸ் உருளை கிளட்ச்சுக்குள் போய்விட்டது. அதற்குள் மெல்லிய உருளைகள், சின்ன ஸ்பிரிங்குகள். பசை பிடித்தால் உருளை நேரத்துக்கு நகர்ந்து பூட்டாது. ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் ரோட்டரைக் கழற்றி, கிளட்ச்சை முழுசாக வெளியே எடுங்கள். நடுவிலுள்ள குழலை உருவ வேண்டாம்; உருளைகள் சிதறினால் அன்றைய பொழுது போச்சு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசி, உலரவிட்டு, தண்ணீர்போல் மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். ரோட்டர் நட்டு சில மாடல்களில் இடம்புரி மரை. அசையாவிட்டால் பலத்தைக் காட்டாமல் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

டைவா மேக்சீல் ரீலுக்கு எந்த எண்ணெய்? – கொழும்பு வாசகர்

சீல் உள்ள இடத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம். அங்கே காந்தத்தால் பிடித்து நிறுத்திய திரவம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. வேறு எண்ணெய் கலந்தால் அது நீர்த்துப் போய்விடும். கைப்பிடிக் குமிழுக்கு மட்டும் விட்டுவிட்டு, உள்வேலைக்கு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

குளத்தில் தவளை லூர் போட்டு விரால் பிடிக்க மட்டும்தான் ரீல் வேண்டும். மேல்தரம் அவசியமா? – தஞ்சாவூர் வாசகர்

நல்ல தண்ணீரில் உப்புத் தொல்லை இல்லை, அதனால் நீர்க்காப்புக்குக் கொடுக்கும் காசு வீண். ஆனால் ஆகக் குறைந்த விலைக்கும் இறங்காதீர்கள். விராலை அல்லிக்கொடிக்குள் ஓடவிட முடியாது. டிராக்கை முழுக்க இறுக்கி, 40 பவுண்டு பிரெய்டில் ஒரே இழுப்பாக இழுப்பீர்கள். சுமை முழுதும் உடல் மேலும் பல் மேலும்தான் விழும். உலோக உடல், மரையில் நேரடியாகத் திருகிப் பூட்டும் கைப்பிடி, ரீலின் அளவு எண் 3000 அல்லது 4000. பேரிங் நாலே இருந்தாலும் போதும்.

பழைய மேல்தர ரீல் பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? – கோவை வாசகர்

ஸ்பூலைக் கழற்றி அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொரி பூத்திருந்தால் உப்பு உள்ளே போயிருக்கிறது. கொஞ்சம் பஞ்சை ஸ்பூல் விளிம்பில் சுற்றித் தடவுங்கள். நார் சிக்கினால் விளிம்பில் வெட்டு இருக்கிறது, அது பிரெய்டைப் பிய்க்கும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் கைபழகாத யாரோ திறந்திருக்கிறார். கடைசியாக ராடில் பொருத்தி, நரம்பின் நுனியில் அரை கிலோ, ஒரு கிலோ எடை கட்டித் தூக்கியபடி சுற்றுங்கள். பல்லில் தேய்மானம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடறும்.

அப்படி இடறினால் விட்டுவிடுங்கள். மேல்தர ரீலின் பல்சக்கரம் ஒன்றின் விலைக்கே நடுத்தரமான புது ரீல் கிடைக்கும். பினியனையும் சேர்த்து ஜோடியாக மாற்றாவிட்டால் புதுப் பல்லும் சீக்கிரம் கெடும். நிறுத்திய மாடலாக இருந்தால் பாகம் கிடைக்கவே கிடைக்காது.

மொத்தம் 8,000 ரூபாய். புதுச்சேரி கரையிலிருந்து லூர் வீச வேண்டும். ரீலுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? – விழுப்புரம் வாசகர்

பாதியைத் தாண்டாதீர்கள். பென் பர்சூட், டைவா ரெவ்ராஸ், ஷிமானோ நெக்சேவ் போன்ற நுழைவு வரிசையில் 4000 எண் அளவு ரீல். மீதியில் 8 அல்லது 9 அடி ராடு ஒன்று, நல்ல பிரெய்டு 200 மீட்டராவது, 20 முதல் 30 பவுண்டு லீடர், மூன்றே மூன்று லூர். ரீலில் பணத்தைக் கொட்டிவிட்டு 200 ரூபாய் பிரெய்டு சுற்றினால் வீச்சும் வராது, மீனும் தங்காது.

ஸ்பூலில் முதலில் நாலைந்து சுற்றாவது நைலான் நரம்பு போட்டு, அதில் பிரெய்டைக் கட்டுங்கள். நேரே கட்டினால் பிரெய்டு மொத்தமாக ஸ்பூலில் வழுக்கும். ‘டிராக் பிடிக்கவில்லை’ என்று கடைக்குத் திரும்பும் ரீல்களில் இப்படிப்பட்டவையும் உண்டு. ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி ஏற்றுங்கள், விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். தளர்வாக ஏற்றினாலோ விளிம்பு வரை நிரப்பினாலோ பிரெய்டு கொத்தாகக் கிளம்பிச் சிக்கிக்கொள்ளும். வீசிய பிறகு பெயிலைக் கையால் மூடி, ராடை ஒருமுறை தூக்கித் தளர்வை எடுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடும் பழக்கம் இருந்தால், 4,000 ரூபாய் ரீலிலும் ஸ்டெல்லாவிலும் சிக்கு ஒரே மாதிரிதான் விழும்.